நெஞ்செரிவும் தொண்டை அடைப்பும்: எந்த வைத்தியரிடம் போவது?

மருந்துக்கடைக்குப் போய் “கஸ்ரிக்குக் குளிசை தாங்கோ” என்று கேட்பது எங்கள் ஊர்களில் சாதாரண விடயம். நெஞ்சு எரிந்தாலும் கஸ்ரிக், வயிறு ஊதினாலும் கஸ்ரிக், தொண்டைக்குள் ஏதோ நிற்பது போல இருந்தாலும் கஸ்ரிக். குளிசை போட்டதும் இரண்டு நாள் சுகம். பிறகு அதே எரிவு. இப்படியே மாதங்கள், சிலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன.

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. முகாமில் ஒரு வைத்தியர் பார்த்திருப்பார். உறவினர் வீட்டில் இருந்த காலத்தில் வேறொருவர் பார்த்திருப்பார். சொந்த ஊருக்குத் திரும்பிய பின் மூன்றாவது வைத்தியரிடம் போகிறோம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் முதலாவது குளிசையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: நெஞ்செரிவோ தொண்டைக் குறைபாடோ விடாமல் இருந்தால் யாரிடம், எந்த ஒழுங்கில் போக வேண்டும்? சரியான வைத்தியரிடம் போவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்பதும், என்ன சொல்வது என்பதும் தெரிந்தால் போதும்.

வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு வருவது எப்படி?

நாங்கள் விழுங்கும் உணவு, நெஞ்சின் நடுவே செல்லும் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. பெரியவர்களில் இந்தக் குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானது. அது இரைப்பையுடன் சேரும் இடத்தில் இறுகி மூடும் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு வரும்போது அது திறக்கும். போன பின் மூடிக்கொள்ளும்.

இரைப்பைக்குள் உணவைச் செமிக்கச் செய்யும் அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இரைப்பையின் உட்சுவருக்கு உண்டு. உணவுக்குழாய்க்கும் தொண்டைக்கும் அந்த அளவு பாதுகாப்பு இல்லை. மூடும் வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்சுவரை வந்தால் எரிவு. வாய்வரை வந்தால் புளித்த தண்ணீர். குரல் பிறக்கும் இடத்தைத் தொட்டால் விடியற்காலையில் குரலடைப்பு, அடிக்கடி தொண்டையைச் செருமுதல், வரட்டு இருமல், தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு ஆகியவை ஏற்படலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிலருக்கு நெஞ்செரிவே இருக்காது. தொண்டைக் குறைபாடு மட்டும் இருக்கும். அவர்கள் தடிமன் என்று நினைத்து மருந்து எடுப்பார்கள். மாறாகத் தொண்டையில் வேறு நோய் இருப்பவர்கள் அதையும் கஸ்ரிக் என்று நினைத்துக் குளிசை போடுவார்கள். இரண்டிலும் காலம் வீணாகிறது.

மீளக்குடியமர்ந்த வீடுகளில் ஏன் கூடுகிறது?

காணி துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, வேலி அடைப்பது என்று பகல் முழுவதும் வேலை. மத்தியானச் சாப்பாடு தவறுகிறது. காலையில் வெறும் வயிற்றில் பிளேன்ரீ. இரவு களைத்துப்போய் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கிறோம். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலே ஏறுவது இலகு.

உடம்பு நோவுக்குப் போடும் குளிசைகளும் ஒரு காரணம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை இரைப்பையின் உட்சுவரைப் பாதிக்கக் கூடியவை. வெறும் வயிற்றிலும், நாட்கணக்காகவும் போட்டால் புண் வரலாம், இரத்தமும் கசியலாம். முழங்கால் நோவுக்கு ஒரு குளிசை, அதனால் வந்த வயிற்றெரிவுக்கு இன்னொரு குளிசை என்று இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் பலர். ஆனால் இருதய நோய்க்காக வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். எரிவு இருக்கிறது என்று அதே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

புகைத்தல், மதுபானம், உடற்பருமன் ஆகியவையும் அமிலம் மேலேறுவதைக் கூட்டுகின்றன. கர்ப்ப காலத்தில் நெஞ்செரிவு பொதுவானது. கர்ப்பிணித் தாய்மார் கடையில் குளிசை வாங்காமல் கர்ப்பிணி கிளினிக்கிலோ மருத்துவமாதுவிடமோ கேளுங்கள்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

முதலில் உயிராபத்தான அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். பின்வருவன இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

• நெஞ்சை இறுக்குவது அல்லது பாரம் வைத்தது போன்ற நோ. அது கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவுதல். வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல், தலைச்சுற்று.
• இரத்தமாகவோ கோப்பித் தூள் நிறத்திலோ சத்தி எடுத்தல்.
• மலம் தார் போலக் கறுப்பாகப் போதல். (இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். குளிசை எடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.)
• எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, மூச்சு விடும்போது இரைச்சல்.
• மீன் முள், இறைச்சி எலும்பு, காசு போன்றவை தொண்டையில் சிக்குதல். சோற்று உருண்டை விழுங்கி முள்ளைத் தள்ளப் பார்க்க வேண்டாம். அது இன்னும் ஆழமாகக் குத்தலாம்.

மாரடைப்பைக் கஸ்ரிக் என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுப் படுப்பது ஆபத்தான பழக்கம். நீரிழிவு உள்ளவர்களிலும் பெண்களிலும் வயதானவர்களிலும் மாரடைப்பு சில வேளைகளில் கடும் நெஞ்சு நோவாக வராமல், வயிற்று மேற்புறத்தில் ஒரு அந்தரமாக மட்டும் வரலாம். சந்தேகம் என்றால் வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுப்பதே பாதுகாப்பு. கஸ்ரிக் என்று முடிந்தால் நல்லது, வீட்டுக்குத் திரும்பலாம்.

அவசர நேரத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அந்தச் சேவை இலவசம். உங்கள் காணிக்கு வரும் வழியை ஒரு கோயில், பாடசாலை, சந்தி போன்ற அடையாளத்தோடு சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். புதிதாகத் திறந்த பாதைகளில் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை

பின்வருவன அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியவை அல்ல. ஆனாலும் குளிசை போட்டுத் தள்ளிப்போடக் கூடாதவை.

• சோறு, பாண் போன்றவை விழுங்கும்போது நெஞ்சில் தடக்குதல். நாளாக ஆகக் கஞ்சி மட்டுமே இறங்குதல்.
• காரணமில்லாமல் உடல் மெலிதல், பசியின்மை.
• மூன்று வாரத்துக்கு மேல் மாறாத குரலடைப்பு.
• கழுத்தில் கட்டி அல்லது வீக்கம்.
• வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு.
• இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களும், புகைப்பவர்களும், மது அருந்துபவர்களும் இவற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் இந்தப் பழக்கங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை செய்ய முடியும். வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மகரகமவுக்குப் போகத் தேவையில்லை.

முதலில் எங்கே போவது?

தொடங்க வேண்டிய இடம் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, அதாவது ஓ.பி.டி. அது கிராமத்துக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையாக இருக்கலாம். உங்கள் குடும்பத்தை நன்கு தெரிந்த தனியார் வைத்தியர் இருந்தால் அவரிடமும் தொடங்கலாம்.

பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே நகரத்துக்குப் போய் ஒரு நிபுணரைச் சனல் பண்ணுகிறார்கள். கடன் வாங்கிப் போனவர்களும் உண்டு. தொண்டைக்கென்று போனால் “தொண்டையில் ஒன்றுமில்லை, வயிற்றுக்குக் காட்டுங்கள்” என்பார். வயிற்றுக்கென்று போனால் முதலில் வேறு பரிசோதனை கேட்பார். இரண்டு முறை பஸ் காசு, இரண்டு முறை வைத்தியர் கட்டணம். முதல் வைத்தியர் பார்த்து எழுதும் கடிதம் இந்த அலைச்சலைக் குறைக்கும்.

அரச வைத்தியசாலையில் பார்ப்பதும், அங்கே உள்ள நிபுணரின் கிளினிக்கும் இலவசம். தனியார் இடத்தில் சனல் பண்ணிப் பார்க்கும் நிபுணர்களில் பலர் பகலில் அரச வைத்தியசாலையில் கடமை செய்பவர்களே.

பிரதேச வைத்தியசாலையில் நிபுணர் இல்லாவிட்டால் அங்குள்ள வைத்தியர் கடிதம் எழுதி உங்களை ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்புவார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. எல்லா நிபுணர்களும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. கிளினிக் நாட்களும் மாறும். அதனால் பஸ் ஏறுவதற்கு முன், அனுப்பும் வைத்தியசாலையிலேயே “அந்தக் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்குத் துண்டு கொடுப்பார்கள்” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த நிபுணர் எதைப் பார்ப்பார்?

பொது வைத்திய நிபுணர் (பிசிசன்): நெஞ்செரிவு, புளியேப்பம், வயிற்று மேற்புற எரிவு ஆகியவை மருந்தில் மாறாவிட்டால் பெரும்பாலும் முதலில் இவரிடம்தான் அனுப்புவார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவையும் உள்ளவர்களுக்கு இவர் மிகவும் பொருத்தமானவர். எல்லாக் குளிசைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்.

இரைப்பை குடல் நோய் நிபுணர்: உணவுக்குழாய், இரைப்பை, குடல் சம்பந்தமான நோய்களுக்கென்றே பயிற்சி பெற்றவர். பெரிய வைத்தியசாலைகளில் மட்டும் இருப்பார்.

சத்திரசிகிச்சை நிபுணர்: “எனக்கு ஒப்பரேசன் தேவையில்லையே, ஏன் சேர்ஜனிடம் அனுப்புகிறார்கள்?” என்று சிலர் பயந்து போகாமல் விடுகிறார்கள். எங்கள் நாட்டில் பல வைத்தியசாலைகளில் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோப்பி பரிசோதனையைச் சத்திரசிகிச்சை நிபுணர்களே செய்கிறார்கள். அந்தக் கடிதம் பரிசோதனைக்காக இருக்கலாம். என்ன காரணம் என்று கேளுங்கள்.

காது மூக்கு தொண்டை நிபுணர் (ஈ.என்.ரி.): குரலடைப்பு, தொண்டையில் உருண்டை, ஒரு பக்கத் தொண்டை நோ, கழுத்துக் கட்டி ஆகியவற்றுக்கு இவரே உரியவர். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் குரல் நாண்களைப் பார்ப்பார். இவர் “தொண்டை நல்லாயிருக்கு, இது வயிற்றுப் புளிப்பால் வருவது” என்று சொன்னால் அது வீண் பயணம் அல்ல. முக்கியமான ஒரு நோய் இல்லை என்று உறுதியாகிவிட்டது. அவர் எழுதித் தருவதோடு பிசிசனிடம் போகலாம்.

மார்பு நோய் சிகிச்சை நிலையம்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த இங்கே சளிப் பரிசோதனை செய்வார்கள். இதுவும் இலவசம்.

பல் வைத்தியர்: வாயில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு ஆகியவற்றை இவரிடம் காட்டலாம். பல் பிடுங்க மட்டும் போகும் இடம் என்று நினைக்க வேண்டாம்.

வைத்தியரிடம் என்ன சொல்வது?

ஓ.பி.டி.யில் ஒரு வைத்தியருக்கு உங்களுடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் நீங்கள் சொல்வதை வைத்தே அடுத்த படி முடிவாகிறது. கீழே உள்ள இரண்டு உரையாடல்களையும் வாசித்துப் பாருங்கள்.

முதலாவது:
“என்ன அம்மா, என்ன செய்யுது?”
“கஸ்ரிக் டொக்டர். குளிசை முடிஞ்சுது.”
வைத்தியர் குளிசை எழுதுவார். அவ்வளவுதான்.

இரண்டாவது:
“சொல்லுங்கோ அம்மா.”
“டொக்டர், மூண்டு மாசமாத் தொண்டைக்குள்ள ஏதோ நிக்கிற மாதிரி இருக்கு. விடிய எழும்பினா குரல் அடைக்குது. ராவில சாப்பிட்டுப் படுத்தா புளிச்ச தண்ணி வாய்க்கு வருது.”
“சாப்பாடு விழுங்கக் கஷ்டமோ?”
“சோறு போகுது. பாண்தான் ரெண்டு கிழமையா நெஞ்சில தடக்குது. முழங்கால் நோவுக்குக் கடையில வாங்கிக் குளிசை போடுறனான். இதுதான் அந்த மட்டை.”

இரண்டாவது அம்மா நோயின் பெயரைச் சொல்லவில்லை. என்ன நடக்கிறது, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, என்ன மருந்து எடுக்கிறார் என்று சொன்னார். பாண் தடக்குவதைக் கேட்டவுடன் வைத்தியர் அவரைக் கமரா பரிசோதனைக்கு அனுப்ப முடிவெடுப்பார். “கஸ்ரிக்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் அது தெரியவந்திராது.

வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டியது மறந்துபோகும். ஆகவே முதல் நாளே ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாதியிடமோ ஊழியரிடமோ மொழிபெயர்க்கும்படி கேளுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வர வேண்டாம். “இந்தக் குளிசை எத்தனை நாளைக்கு? எப்ப திரும்ப வரவேணும்?” என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுவிட்டு எழும்புங்கள்.

பழைய கொப்பியும் பழைய மட்டையும்

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், முன்பு செய்த பரிசோதனை முடிவுகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டு போங்கள். இடப்பெயர்வில் அவை தொலைந்திருந்தால் அதற்காக வைத்தியரிடம் போகாமல் விட வேண்டாம். எந்த வைத்தியசாலை, ஏறத்தாழ எந்த வருடம், என்ன பரிசோதனை என்று நினைவில் உள்ளதைச் சொன்னாலும் உதவும். குளிசையின் பெயர் தெரியாவிட்டால் வெறும் மட்டையையாவது கொண்டு போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேறு மாவட்டத்தில் கிளினிக் போய்வந்தவர்கள், ஊர் திரும்புவதற்கு முன் அங்குள்ள வைத்தியரிடம் இங்குள்ள வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே திரும்பிவிட்டீர்கள் என்றால் அந்தக் கொப்பியோடு இங்குள்ள ஓ.பி.டி.க்குப் போனால் புதிய கிளினிக்கில் பதிவு செய்ய வழி காட்டுவார்கள்.

கமரா பரிசோதனைக்குப் பயப்பட வேண்டுமா?

எண்டொஸ்கோப்பி என்பது நுனியில் கமரா பொருத்திய வளையக்கூடிய குழாயை வாய் வழியாக விட்டு, உணவுக்குழாயையும் இரைப்பையையும் நேரே பார்ப்பது. வெட்டுக் காயம் இல்லை. தொண்டை விறைக்க மருந்து அடிப்பார்கள். சிலருக்கு மயக்கம் தரும் ஊசியும் போடுவார்கள். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குமட்டல் வரும், ஆனால் மூச்சு அடைக்காது. பரிசோதனைக்கு முன் ஏறத்தாழ 6 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். சரியான நேரத்தை வைத்தியசாலையில் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

சிகிச்சையும் வீட்டில் செய்ய வேண்டியதும்

ஒமிப்பிரசோல் போன்ற குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். சாப்பிட்ட பின் போட்டுவிட்டு “குளிசை கேட்கவில்லை” என்று சொல்பவர்கள் அதிகம். நெஞ்செரிவு சில நாட்களில் குறையலாம். தொண்டை ஆற வாரங்களும் சிலருக்கு மாதங்களும் எடுக்கும். ஒரு கிழமையில் சுகமில்லை என்று வைத்தியரை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதேபோல, வைத்தியர் சொன்ன காலம் முடிந்த பின்னும் கடையில் வாங்கித் தொடர வேண்டாம்.

• இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணித்தியாலம் முன் முடியுங்கள். இரவில் அளவைக் குறைத்து, பகல் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.
• கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உயர்த்துங்கள். பாயில் படுப்பவர்கள் தோளும் முதுகும் சரிவாக உயரும்படி மடித்த சாக்கு, போர்வை ஆகியவற்றை வையுங்கள். தலையணை மட்டும் போதாது.
• இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது.
• எந்தச் சாப்பாடு எரிவைக் கூட்டுகிறது என்று கவனியுங்கள். ஒருவருக்கு உறைப்பு, இன்னொருவருக்குத் தேநீர், வேறொருவருக்குப் பொரித்த சாப்பாடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெலிந்துபோகத் தேவையில்லை.
• சாரத்தையோ பாவாடையையோ இடுப்பில் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

எல்லாப் பரிசோதனையும் சரி என்றால்?

சிலருக்குத் தொண்டையிலும் நோயில்லை, வயிற்றிலும் நோயில்லை என்று வரும். ஆனால் உருண்டை அடைத்த உணர்வு போகாது. அது பொய்யல்ல, நடிப்பும் அல்ல. துக்கமும் பயமும் நித்திரையின்மையும் கழுத்துத் தசைகளை இறுக வைக்கும். இழப்புகளோடு ஊர் திரும்பியவர்களுக்கு இது வருவதில் ஆச்சரியம் இல்லை. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் வைத்தியர் அங்கே அனுப்பினால் அதை அவமானமாக எடுக்க வேண்டாம். இந்த நோய்க்கு உரிய நிபுணர் அங்கே இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

குழுவாகப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கீழுள்ள கேள்விகளைப் பேசலாம்.

1. எங்கள் கிராமத்துக்குக் கிட்டவுள்ள ஓ.பி.டி. எது? காலையில் போகும் பஸ் எத்தனை மணிக்கு?
2. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடையில் கஸ்ரிக் குளிசை வாங்குபவர் யார்? அவருக்கு விழுங்கக் கஷ்டம், மெலிவு, குரலடைப்பு உண்டா?
3. இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் 1990க்கு அழைத்து எங்கள் வீட்டுக்கு எப்படி வழி சொல்வோம்?
4. தனியே வாழும் முதியவர் ஒருவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக எங்களில் யாரால் முடியும்?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயரையும் ஒரு நாளையும் முடிவு செய்த பின் கூட்டத்தை முடியுங்கள்.